வெதுவெதுப்பாக வந்த மருந்து

ரிட்டயர் ஆன நர்ஸை யாராவது தேடி வந்தால் இரண்டு காரணம்தான் இருக்கும். வீட்டில் யாருக்காவது டிரிப் ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஏதாவது முகாமில் நாற்காலியில் உட்கார்ந்து சால்வை வாங்கிக்கொள்ள வேண்டும். போன புரட்டாசியில் நித்யா வந்தது இரண்டாவதற்கு. பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சின்னப் பெண். சர்க்கரை, இளைப்பு, இருதயக் கோளாறு உள்ள வயதானவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட உடையார்பாளையத்தில் இலவச முகாம் வைக்கிறார்களாம். நான் அந்தப் பக்கம்தான் ரொம்ப வருஷம் வேலை பார்த்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தக் காலத்துல பெரியவங்களுக்கு எப்படித் தடுப்பூசி போட்டீங்கன்னு ஒரு பத்து நிமிஷம் பேசுங்கம்மா" என்றாள்.

"போடலைம்மா" என்றேன்.

தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள். தன்னடக்கத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். உண்மையைத்தான் சொன்னேன். முகாமுக்குப் போனேன், உட்கார்ந்தேன், பேசாமல் திரும்பி வந்தேன். அன்றைக்குப் பேச முடியாமல் போனதை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு ஊர் வரதராசன்பேட்டைப் பக்கம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். முந்திரிக்காட்டில் பிழைப்பு இல்லை, நர்ஸுக்குப் படி என்று திருச்சிக்கு அனுப்பினார். படித்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் ஜெபம், பகலில் வார்டு, தப்புச் செய்தால் விரல் முட்டியில் ஸ்கேல். எழுபதுகளின் நடுவில் உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாதான். ஒரு மருந்து தீர்ந்தால் திருச்சியிலிருந்து வந்து சேருவதற்குள் நோயாளி ஒன்று பிழைத்திருப்பான், இல்லையென்றால் போயிருப்பான்.

எங்களுக்கு வேலையெல்லாம் பிள்ளைகளோடுதான். பி.சி.ஜி., முத்தடுப்பு ஊசி, போலியோ சொட்டு. ஊர் ஊராகப் போய் மரத்தடியில் பெட்டியைத் திறந்தால் அம்மாக்கள் இடுப்பில் பிள்ளையோடு நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால், எப்போதும், நாலு கிழடுகள் நிற்கும். அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் நிலம். காளவாயில் கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற வேலையில் ஆயுசைக் கழித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். புகையும் தூளும் தின்ற நெஞ்சு. மூச்சு விட்டால் துருத்தி ஊதுகிற மாதிரி இருக்கும். "எனக்கும் ஒண்ணு போட்டுவுடேன் தாயி" என்று சட்டையில்லாத கையை நீட்டுவார்கள். "இது புள்ளைங்களுக்கு, தாத்தா" என்று நான் விரட்டுவேன். "அப்ப எங்களுக்கு?" என்று ஒருத்தர் கேட்டார். பிள்ளைகளுக்கு ஊசி இருந்தது. பெரியவர்களுக்குச் சுடுகாடு இருந்தது.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லி, எல்லோரையும் வாங்க போங்க என்பார். காலையில் வந்தால் குடையை மாட்டுவதற்கு முன்னால் மண்ணெண்ணெயில் ஓடும் ஃபிரிட்ஜைத் திறந்து மருந்துக் குப்பிகள் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். தெர்மாமீட்டர் உள்ளேயே தொங்கும். அதையும் பார்ப்பார், ஆனால் கைக்குத் தெரிந்தால்தான் அவருக்குத் திருப்தி. குளிர்ச்சி குறைந்திருக்குமோ என்று கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் ஒரு தட்டு மருந்தையே கொட்டச் சொல்லிவிடுவார். "பச்சைத் தண்ணியக் குத்திட்டு மருந்துன்னு சொல்ல எனக்கு வாய் வராது சிஸ்டர்" என்பார்.

அவர் பொய் சொல்ல மாட்டார். அதுதான் எங்களுக்குள் தீராத சண்டை. பெரிய பண்ணைக்காரர் ஒருத்தர் தாயாரைத் தூக்கிக்கொண்டு வந்து, பிழைப்பாங்களா என்று கேட்டார். "மாட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல உட்காருங்க" என்றார் டாக்டர். மனுஷர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்தை தேறுதலாச் சொன்னா என்ன சார், காசா பணமா?" என்று நான் உள்ளே போய்க் கத்தினேன். எனக்கு அப்போதே வாய் ஜாஸ்தி. அவர் கோபப்படவில்லை. "நம்ம வார்த்தையையும் மருந்துன்னு நம்பித்தான் வாங்கிட்டுப் போறாங்க. அதுல கலப்படம் பண்ணக் கூடாது" என்றார்.

ஊசி கொதிக்க வைக்கிற முறையும் அவர் சொன்னபடிதான். கண்ணாடி ஊசிக்குழாயைக் கழற்றி, உள்தண்டைத் தனியாக வெள்ளைத் துணியில் சுற்ற வேண்டும். குத்துகிற ஊசிக்குள் கம்பியை விட்டு அடைப்பு எடுக்க வேண்டும். எல்லாம் மூழ்குகிற மாதிரி தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்ற வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் நேரக் கணக்கு. இடையில் ஒரு ஊசியைப் போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அறைக்குள் மண்ணெண்ணெய் நெடி தாங்காது என்பதால் ஸ்டவ்வை வராண்டாவில் வைத்திருந்தேன். காத்திருக்கும் சனங்களுக்கு அதுதான் வேடிக்கை. நான் இடுக்கியால் ஊசியை ஆவி பறக்க எடுப்பதை, ஏதோ பூசை பார்க்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தவர்களில் பவுனாம்பாளும் ஒருத்தி.

பவுனு என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் மாமனார் மருதமுத்து, காளவாயில் முப்பது வருஷம் வெந்தவர். மனைவி இல்லை. ஒரே மகன் ராசாக்கண்ணு சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். கைக்குழந்தையையும் மாமனாரையும் பவுனுதான் பார்த்துக்கொண்டாள். மாதம் தவறாமல் இளைப்பு மாத்திரைக்கு அவரை நடத்திக் கூட்டி வருவாள். அவருக்குக் குளிர்ச்சி ஆகாது. ஒரு வாய் பச்சைத் தண்ணீர் குடித்தால் ராத்திரி முழுக்க இழுக்கும் என்பது அவள் கணக்கு. குடிக்கிற தண்ணீர், கஞ்சி, குளிக்கிற தண்ணீர் எல்லாம் வெதுவெதுப்பு. வெற்றிலையைக்கூடத் தணலில் வாட்டித்தான் மடித்துக் கொடுப்பாள்.

"என்னடி, மாமனாரை அடை காக்குறியா?" என்று நான் கேலி செய்வேன்.

"காத்தாத்தானே நர்ஸம்மா பொழைக்கும்" என்று அவளும் விடமாட்டாள். மருதமுத்து சிரிக்கப் பார்ப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பனிக்காலம் அவருக்கு விஷக் காய்ச்சல் வந்து பத்து நாள் போராடினோம். எப்படியோ தேறினார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வழக்கம்போலப் பவுனுவிடம் உடைத்துச் சொன்னார். "இந்தக் காய்ச்சல் இன்னொரு தடவை வந்தா அவரு நெஞ்சு தாங்காதும்மா. வெளிநாட்டுல இதுக்கு வருஷா வருஷம் ஊசி இருக்கு. வயசானவங்களுக்கு, நெஞ்சு கெட்டவங்களுக்குப் போடறாங்க. நம்மகிட்ட இல்ல."

வேறு யாராவது இருந்தால் விதி என்று போயிருப்பார்கள். அவள் அந்த வாரமே புருஷனுக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். அவனும் யார் யார் காலையோ பிடித்து அந்த ஊசி மருந்து ஒன்றை வாங்கிவிட்டான். ஒரே ஒரு குப்பி. கார்த்திகை மாதம் லீவில் வந்தபோது ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு, பிளேனில் சென்னையில் இறங்கி அங்கே புதிதாக ஐஸ் வாங்கி நிரப்பி, கையை விட்டுக் கீழே வைக்காமல் ஊர் வந்து சேர்ந்தான். அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஃபிளாஸ்கைப் பவுனுவிடம் கொடுத்து, "காலையில டாக்டர்கிட்டச் சேத்துடு, பத்திரம்" என்றான். மறுநாள் திங்கள், சிறுவாச்சூர் கோயில் நடை திறக்கிற நாள். அப்பாவுக்காக நேர்ந்துகொண்டதைச் செலுத்த முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டான். எதற்காக ஐஸ் என்று அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. மீன் கூடையில் ஐஸ் போடுவதுபோல வழிக்காகப் போட்டது என்று நினைத்திருக்கிறாள்.

அன்று காலை மருதமுத்து சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். வராண்டாவில் இருந்தவர்களிடம், "எம்புள்ள சிங்கப்பூர்லேருந்து ஊசி கொண்டாந்திருக்கான்" என்று மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பவுனு முந்தானை முடிச்சை அவிழ்த்து, துணியில் சுற்றியிருந்த குப்பியை எடுத்து என் கையில் வைத்தாள்.

அப்போதுதான் இட்ட கோழிமுட்டை மாதிரி இருந்தது.

"ஃபிளாஸ்க் எங்கடி?" என்றேன்.

"அது வூட்டுல இருக்கு நர்ஸம்மா. எடுத்துப் பார்த்தா கைய வெறைக்குது, அம்புட்டு ஜில்லு. இத அப்புடியே குத்துனா மாமா என்னத்துக்கு ஆவாரு? அதான் வெந்நிப் பானையில போட்டு நல்லா சூடு ஏத்திக் கொண்டாந்தேன்." அவள் முகம் பூரித்திருந்தது. "நீங்களும் கொதிக்க வச்சுத்தானே குத்துவீங்க? ஒங்களுக்கு வேல மிச்சம்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அடிப் பாவி" என்று வாயைத் திறந்தேன்.

"சிஸ்டர், ஸ்டவ்வுல தண்ணி வத்திடப் போவுது. பாருங்க" என்றார் டாக்டர். அவர் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என் கையிலிருந்து குப்பியை வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். ஃபிரிட்ஜ் மருந்தைப் பார்ப்பாரே, அதே மாதிரி. ஆனால் ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு சொன்னார்:

"இது வழியிலேயே கெட்டுப் போயிருக்கும்மா. சென்னையிலேருந்து வர்றதுக்குள்ள ஐஸ் கரைஞ்சிருக்கும். நீ கொண்டு வர்றதுக்கு முன்னாடியே இதுல ஒண்ணும் இல்ல."

பவுனு டாக்டரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஸ்டவ்வைப் பார்த்தேன்.

மருதமுத்துதான் கெஞ்சினார். "கெட்டதோ நல்லதோ குத்திவுடுங்க டாக்டரய்யா. எம்புள்ள அம்புட்டுத் தூரம் தூக்கியாந்தது."

"மருந்து இல்லாததை மருந்துன்னு குத்த மாட்டேங்க. போட்டுக்கிட்டோம்னு நம்பி நீங்க பனியில நாலு எடத்துக்குப் போவீங்க" என்றார் டாக்டர். கடைசியில் மருதமுத்து அந்தக் குப்பியையாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாராம்.

அவர்கள் போன பிறகு நான் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். "ஊருக்கெல்லாம் உண்மை சொல்ற ஆளு நீங்க. இதுக்கு மட்டும் என்ன சார்?"

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "மருந்துதான் போயிடுச்சு சிஸ்டர். அந்தப் பொண்ணையும் சேத்து எதுக்குப் போக விடணும்?" என்றார். "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்." அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது என்று அது ஒன்றுதான். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய் அழுகை வந்தது. நல்ல மனுஷன் ஒரு பொய் சொல்வதற்கு எவ்வளவு கஷ்டப்படுகிறான் என்று நினைத்தேன். அந்தப் பொய் யார் தலையில் போய் இறங்கும் என்று அவரும் யோசிக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ராசாக்கண்ணு ஓடி வந்தான். "நான் சென்னையில ஐஸ் போட்டேங்களே சார், ரொம்பத்தான் போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அடுத்த தடவை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் எந்த நேரமானாலும் நேரே இங்கே கொண்டுவரச் சொல் என்று டாக்டர் சொன்னார். அவரும் சும்மா இருக்கவில்லை. திருச்சிக்குப் போய்ப் பெரிய மருந்துக் கடைகளில் எல்லாம் விசாரித்தார். மேலிடத்துக்கு எழுதினார். பெரியவர்களுக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை என்று பதில் வந்தது. ராசாக்கண்ணு லீவு முடிந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய அன்றும் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "அரியலூர்ல எறங்குனப்பவாவது ஐஸ் மாத்தியிருக்கலாம், இல்லீங்களா?" என்றான். போயிட்டு வா என்றேன்.

மார்கழி பிறந்ததும் காய்ச்சல் வந்தது. முதலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அதுகள் நாலு நாள் படுத்து எழுந்து விளையாடப் போய்விட்டன. பிறகு அதுகளைத் தூக்கி வளர்த்த கிழடுகள். பொங்கல் முடிந்த வாரத்தில் மருதமுத்துவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். படுக்க முடியவில்லை. உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி இழுத்தார். உதடு நாவல்பழ நிறம். எங்களிடம் இருந்த இளைப்பு ஊசியைப் போட்டேன். ஆக்சிஜன் கிடையாது. திருச்சிக்குக் கொண்டுபோக ஜீப் வேண்டும். ஜீப் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்குப் பெண்களை ஏற்றிவரப் போயிருந்தது. ஒரு லாரிக்காரரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து நான் திரும்பி வந்தபோது மருதமுத்துவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பவுனு வெந்நீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றாள். ஒரு ஸ்பூன், ஒரு ஸ்பூனாக உதட்டில் விட்டுக்கொண்டே இருந்தாள். அவர் போன பிறகும் இரண்டு ஸ்பூன் விட்டாள். நான்தான் செம்பை வாங்கி வைத்தேன்.

அந்தத் தையில் அந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனை கிழடுகளைத் தூக்கினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. வயசான சாவு என்று சொல்லிப் பறை கொட்டினார்கள். டாக்டர் அதற்கப்புறம் ரொம்ப நாள் இருக்கவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். காலமாகிவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் அரும்பாவூர், பெரம்பலூர் என்று மாறி, பிள்ளைகளுக்கு ஊசி போட்டே ரிட்டயர் ஆனேன்.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் போன புரட்டாசியில் அந்த முகாமுக்குப் போனேன். பந்தல் போட்டு, ஃபேன் வைத்து, வரிசையாக நாற்காலி. எல்லாம் எங்கள் காலத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றது மாதிரியான கிழடுகள். அவர்களுக்கென்று ஓர் ஊசி. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இதை அன்றைக்குக் கொடுக்க யாருக்கு மனசில்லாமல் போனது என்றுதான் தோன்றியது.

முன் வரிசையில் ஒரு கிழவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நர்ஸம்மாதானே?" என்றாள். பவுனு. முந்திரி வறுக்கிற புகையில் அவள் நெஞ்சும் போயிருந்தது. கையில் இளைப்புக்கு உறிஞ்சும் இன்ஹேலர் வைத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளுக்குக் கல்யாணமாகிப் பேரன்கள் இருப்பதாகவும், ராசாக்கண்ணு தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது என்றும் சொன்னாள். "எம்மாமாவுக்குக் கெடைக்காத ஊசி எனக்குக் கெடைக்குது பாருங்க" என்று சிரித்தாள்.

அவள் முறை வந்தது. நித்யா ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தாள். பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போன ஆளைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "அண்ணே, மூடி வைங்க! சூடு பட்டா மருந்து செத்துரும். அப்புறம் வெறுந்தண்ணியத்தான் குத்தணும்."

பவுனு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். குப்பியைப் பார்த்தாள். ஐஸைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை பார்ப்பதற்கு எனக்கு ஸ்டவ் இல்லை.

"வழியிலேயே கெட்டுப் போச்சுன்னாரே டாக்டரு" என்றாள்.

"நாந்தானா நர்ஸம்மா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அன்றைக்கு டாக்டருக்கு வந்த பொய் எனக்கு வரவில்லை.

"எம்புருசன் சாகுற மட்டும் ஐஸு ஐஸுன்னு பொலம்புனாரு" என்றாள் பவுனு. "எங்களுக்குள்ள சண்ட வந்தா நானும் வுட்டதில்ல. பெத்த அப்பனுக்கு இன்னொரு கட்டி ஐஸு வாங்க மனசு வராதவன்தானே நீயின்னு சொல்லிக் காட்டாத நாளு இல்ல. தலயக் குனிஞ்சுக்குவாரு. ஒரு நாளு எதுத்துப் பேசுனதில்ல."

"பவுனு, ஊசியப் போட்டுக்க. ஒனக்கு இளைப்பு இருக்கு. பனிக்காலம் வருது" என்றேன்.

அவள் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். பந்தலைத் தாண்டுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பாட்டிக்கு ஊசின்னா பயமா?" என்று நித்யா கேட்டாள். குப்பியைத் திரும்ப ஐஸுக்குள் வைத்து மூடிவிட்டு, பேசச் சொல்லி என்னிடம் மைக்கைக் கொடுத்தாள்.